குருத்தோலையும் வண்ணக் காகிதமும்

ஒரு வீட்டில் திருமணம். தமிழகத்துச் சிற்றூர் என்று வைத்துக்கொள்வோம். மணநாளுக்கு முன்தினம் காலையிலேயே ஒருவர் தென்னை மரத்தில் ஏறிக் குருத்தோலைகளை வெட்டிக் கீழே இடுவார். திண்ணையிலே பெரியவர்கள் நால்வர் அமர்வர். ஓலையைக் கிழிப்பார் ஒருவர், மடிப்பார் ஒருவர், ஈர்க்கினால் குத்தித் தைப்பார் ஒருவர், கயிற்றிலே கோப்பார் ஒருவர். உள்ளே முற்றத்தில் பெண்கள், ஊறவைத்து அரைத்த அரிசி மாவிலே துணியை நனைத்து இழை இழையாகக் கோலம் இட்டுக்கொண்டிருப்பார்கள். சிறுவர்கள் மாவிலை பறிக்க ஓடுவார்கள். அன்று மாலைக்குள் அந்த வீடு மணவீடாகிவிடும். அதற்கென்று கடையிலே கொடுத்த காசு மிகச் சிறிது.

இக்காட்சியை நினைவிலே சுமந்துகொண்டு வெளிமாநிலங்களிலே வாழ்கிறவர்கள் நாம். நமக்கு வாய்த்தது மூன்றாம் மாடியிலே இரண்டு அறைகள். வாசல் என்பது படிக்கட்டின் ஓரத்திலே ஒரு முழ இடம். தில்லியிலும் கான்பூரிலும் தென்னைக்கு எங்கே போவது? திண்ணைக்கும் முற்றத்துக்கும் எங்கே போவது? ஆயினும் நம்மவர் வீடுகளில் நாமகரணமும் வளைகாப்பும் நவராத்திரியும் பொங்கலும் நின்றுவிடவில்லை. இல்லாத பொருளுக்கு ஈடாக இருக்கிற பொருளைக் கொண்டு, குறைந்த செலவிலே, வீட்டார் கையாலேயே விழாக்கோலம் செய்யப்பட்டு வந்திருக்கிறது. அந்தக் கைவேலைக்கு ஒரு வரலாறு உண்டு. அதனையே இங்கு நாம் சிறிது ஆராய்வோம்.

அரசர்கள் கட்டிய மாளிகைக்கும் கோயிலுக்கும் வரலாறு எழுதுவது எளிது. கல் நிற்கிறது, கல்வெட்டும் நிற்கிறது. வீட்டு அலங்காரத்தின் வரலாறு அத்தகையதன்று. காலையில் இட்ட கோலம் நண்பகலில் காலடியில் அழியும். மாலை தொடுத்த பூ மறுநாள் வாடும். தோரணம் மூன்று நாளில் காய்ந்து சருகாகும். அவற்றைச் செய்தவர்களுடைய பெயரை எந்தக் கல்வெட்டும் பொறித்து வைக்கவில்லை. அவர்களுட் பெரும்பாலோர் பெண்கள். எனினும் புலவர்கள் அவற்றைக் கண்டார்கள், கண்டதைப் பாடினார்கள். நமக்குக் கிடைக்கும் சான்று அதுவே.

அகநானூற்றின் 86 ஆம் பாடல் ஒரு திருமணத்தை நம் கண்முன் நிறுத்துகிறது. பாடியவர் நல்லாவூர் கிழார். வரிசையாகக் கால்கள் நட்டுக் குளிர்ந்த பந்தல் போடுகிறார்கள், கொண்டுவந்த புதுமணலைத் தரையிலே பரப்புகிறார்கள், வீட்டிலே விளக்கேற்றுகிறார்கள், மாலைகளைத் தொங்கவிடுகிறார்கள். உளுந்து சேர்த்துச் சமைத்த பொங்கலை உறவினர் உண்கிறார்கள். ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய அத் திருமணத்தின் அலங்காரப் பட்டியல் இவ்வளவுதான்: பந்தல், மணல், விளக்கு, மாலை. ஊராரின் கைகளும் ஊரின் மண்ணும் தந்தவை இவை.

செல்வம் கொழித்த நகரிலும் இவ்வழக்கம் மாறியதில்லை. மணிமேகலையின் முதற் காதையிலே, புகார் நகரில் இந்திர விழா வருவதை முரசறைந்து அறிவிக்கின்றார்கள். பொன்னாலான தூண்களில் முத்துமாலைகளைத் தொங்கவிடுங்கள் என்கிறது அவ்வறிவிப்பு. அத்துடன் நிற்கவில்லை. காய்க்குலையோடு கூடிய கமுகையும் வாழையையும் கரும்பையும் நடுங்கள். தெருவிலே பழைய மணலை மாற்றிப் புதுமணல் பரப்புங்கள் என்றும் சொல்லுகிறது. பொன்னும் முத்தும் உடைய நகருக்கும் வாழைமரம் இன்றி விழா நிறைவுறவில்லை. இன்றும் நம்மவர் திருமண மண்டப வாயிலிலே குலைவாழை நிற்கிறதன்றோ? புகாரைக் கடல் கொண்டது என்பது மரபு. புகாரின் வாழையை மட்டும் காலம் கொள்ளவில்லை.

இன்னொரு பொருளையும் கருத வேண்டும். அது பாலிகை. சிறு மண்கிண்ணத்திலே மண்ணிட்டு, தானியங்களை விதைத்து முளைக்கச் செய்வது பாலிகை. சிலப்பதிகாரத்திலே கோவலனுக்கும் கண்ணகிக்கும் நடந்த திருமணத்தில் முளைப்பாலிகை ஏந்திய மகளிரைக் காண்கிறோம். இன்றைய திருமணங்கள் சிலவற்றிலும் பாலிகை தெளிக்கின்றார்கள். அம்மன் விழாக்களிலே எடுக்கும் முளைப்பாரியும் இதன் உறவே. மகாராட்டிரத்தில் நவராத்திரியின்போது கலசத்தைச் சுற்றித் தானியம் விதைக்கின்றார்கள்; பஞ்சாபிலும் உத்தரப் பிரதேசத்திலும் பார்லியை முளைக்கவைக்கின்றார்கள். அண்டை வீட்டுக்காரருடைய பூசையறையிலே பசுமையாக நிற்கும் முளையைக் காணும்போது, இது நம் பாலிகையல்லவா என்று நாம் வியப்பதில் வியப்பில்லை.

கோலத்தின் கதையும் இத்தகையதே. பெரியாழ்வாரின் திருமகளாகிய ஆண்டாள், நாச்சியார் திருமொழியின் தொடக்கத்திலேயே, தை மாதம் முழுதும் தரையைத் தூய்மை செய்து மண்டலம் இட்டதையும், மாசியின் முற்பகுதியிலே நுண்மணலால் தெருவை அணிசெய்ததையும் சொல்லுகிறாள். கல்யாணியைத் தலைநகராகக் கொண்டு 12 ஆம் நூற்றாண்டில் ஆண்ட மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய மானசோல்லாசம் என்னும் வடமொழி நூல், ஓவிய வகைகளுள் ஒன்றாகத் தூளி சித்திரத்தைக் குறிக்கிறது. தூளாலே எழுதும் ஓவியம் என்பது அதன் பொருள்.

நாம் கோலம் என்பதை ஆந்திரத்தார் முக்கு என்பர். மகாராட்டிரத்தார் ரங்கோலி என்பர். வங்காளியர் அல்பனா என்பர். மிதிலையினர் அரிபன் என்பர். இராசத்தானத்தார் மாண்டணா என்பர். சில இடங்களில் உலர்ந்த மாவு. சில இடங்களில் அரைத்த மாவு. சில இடங்களில் கற்பொடி. சில இடங்களில் சுண்ணமும் காவியும். பெயரும் பொருளும் வேறாயினும் கட்டைவிரலும் சுட்டுவிரலும் செய்யும் வேலை ஏறத்தாழ ஒன்றே. புள்ளிகளைச் சுற்றி ஒரே இழையில் ஓடும் நம் சிக்குக் கோலத்திலே இருக்கும் கணக்கை அறிஞர்கள் பின்னரே கண்டார்கள். சென்னைக் கிறித்துவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமனியும் அவருடன் ஆராய்ந்தவர்களும் 1974 ஆம் ஆண்டில் கோலத்தின் அமைப்பைக் கணிப்பொறி இலக்கணத்தோடு இணைத்துக் கட்டுரை வெளியிட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவள் என்று எண்ணப்பட்ட பாட்டி நாள்தோறும் வாசலிலே போட்டு வந்தது ஒரு கணிதம் என்பது அப்போது உலகுக்குத் தெரிந்தது.

இங்கே ஓர் ஐயம் எழலாம். குருத்தோலை இருந்த இடத்திலே வண்ணக் காகிதத்தைத் தொங்கவிட்டால் மரபு குலைந்து போகாதா? வரலாறு இதற்கு நல்ல விடை தருகிறது. நம் விழாக்களிலே தட்டுத் தட்டாக வந்து குவியும் துலுக்கச் சாமந்தியை எண்ணிப் பாருங்கள். வடநாட்டில் அதனைக் கேந்தா என்கிறார்கள். அது இல்லாமல் தீபாவளியும் இல்லை, கலியாணமும் இல்லை. ஆனால் அச்செடியின் தாயகம் மெக்சிகோ. ஐரோப்பியர் கடல்வழியாக இந்தியாவுக்கு வரத் தொடங்கிய பின்னரே அது இங்கு வந்தது. அகநானூற்றுப் புலவரும் ஆண்டாளும் அதனைக் கண்டவரல்லர். வந்த பூவை நம் முன்னோர் நாரிலே தொடுத்தார்கள். சில தலைமுறைகளில் அது நம் பூவாகிவிட்டது. எனவே பொருள் மாறுவது மரபுக்கு இழுக்கன்று. அந்தப் பொருளை எடுத்துத் தொடுக்க வீட்டிலே ஒரு கை இருந்ததா என்பதே கேள்வி.

நவராத்திரிக் கொலு இதற்கு மற்றுமோர் எடுத்துக்காட்டு. கொலு என்னும் சொல்லே அரசர் அவையில் வீற்றிருத்தலைக் குறிப்பது. விசயநகரத்திலே மகாநவமி விழா எத்துணைச் சிறப்பாக நடந்தது என்பதை 16 ஆம் நூற்றாண்டில் அங்கு வந்த போர்த்துக்கேசியராகிய பயசு எழுதி வைத்திருக்கிறார். அதன் பின்னர் மைசூர் உடையாரும் இராமநாதபுரம் சேதுபதிகளும் தத்தம் தலைநகரங்களிலே நவராத்திரியை அரச விழாவாகக் கொண்டாடினார்கள். வீட்டிலோ, பொம்மைகளே கொலுவீற்றிருந்தன. பண்ணுருட்டி மண்பொம்மையும், மதுரையை அடுத்த விளாச்சேரிப் பொம்மையும், மரப்பாச்சியும் படியேறின.

வெளிமாநிலத் தமிழர் வீட்டிலே அந்தப் படி எதனால் ஆயிற்று? ஊரிலிருந்து வந்த இரும்புப் பெட்டி, மண்ணெண்ணெய்த் தகரம், கட்டில் பலகை, தடித்த புத்தகங்கள். இவற்றை அடுக்கி மேலே வெள்ளை வேட்டியை விரித்தால் மூன்று படியோ ஐந்து படியோ ஆகிவிடும். கீழே தாம்பாளத்திலே மண்ணைப் பரப்பிக் கேழ்வரகும் கடுகும் தூவினால் நான்கைந்து நாளில் புல்வெளி. முகம் பார்க்கும் கண்ணாடியைக் கிடத்தினால் அதுவே தெப்பக்குளம். தீப்பெட்டிகளை ஒட்டினால் வீடுகள். தில்லியிலே வாங்கிய களிமண் யானையும், கொல்கத்தாவிலே வாங்கிய கிருட்டிணநகரத்துப் பொம்மையும், சன்னப்பட்டண மரக்குதிரையும் மரப்பாச்சியின் பக்கத்திலே நின்றன. ஒரு குடும்பம் எந்தெந்த ஊரிலே உத்தியோகம் பார்த்தது என்பதை அதன் கொலுப்படியைக் கொண்டே சொல்லிவிடலாம்.

நம்மவர் இவ்வூர்களுக்கு வந்த வரலாற்றையும் சுருக்கமாக நினைவுகூர வேண்டும். பம்பாயிலே 1896 ஆம் ஆண்டு கொள்ளைநோய் பரவியது. அதன் விளைவாக 1898 இல் நகர மேம்பாட்டு அறக்கட்டளை அமைக்கப்பட்டது. அது வகுத்த திட்டத்தினால் தாதர், மாதுங்கா முதலிய பகுதிகள் உருவாயின. பின்னாளில் மாதுங்கா தென்னிந்தியரின் இருப்பிடமாயிற்று. தாராவிக்கு வந்த நெல்லைச் சீமைத் தொழிலாளர் வேறொரு வாழ்வு வாழ்ந்தனர். 1911 ஆம் ஆண்டு தலைநகர் கொல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாறும் என அறிவிக்கப்பட்டது. அரசாங்க அலுவலகங்களை நாடித் தமிழர் பலர் அங்குச் சென்றனர். அவர்களுடைய பிள்ளைகளுக்கென 1923 ஆம் ஆண்டில் ஒரு கல்விக் கழகம் தோன்றியது. 1946 ஆம் ஆண்டில் தில்லித் தமிழ்ச் சங்கம் தோன்றியது. கோலார் தங்க வயலிலே 1880-களில் பெருஞ்சுரங்க வேலை தொடங்கியதிலிருந்து, 2001 ஆம் ஆண்டில் சுரங்கம் மூடப்படும் வரையில், தமிழ்த் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக உழைத்தனர். எழுத்தர் வீடாயினும் சுரங்கத் தொழிலாளி வீடாயினும் மாதச் சம்பளம் அளவானது. ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டும். தங்கையின் திருமணத்துக்குச் சேர்க்க வேண்டும். ஆகவே விழாவுக்குச் செலவிடத்தக்கது காசன்று, உழைப்பே.

கையிலிருந்த காசு சிறிது. சுற்றியிருந்த கைத்தொழில்களோ பல. அண்டை வீட்டாரிடமிருந்து நம்மவர் கற்றார்கள். மும்பையிலே தீபாவளிக்கு வீடுதோறும் தொங்கும் ஆகாய விளக்கைப் பாருங்கள். மூங்கிற் குச்சியை நட்சத்திரமாகக் கட்டி, காற்றாடிக்கான மெல்லிய வண்ணக் காகிதத்தை ஒட்டி, உள்ளே விளக்கிட்டுத் தொங்கவிடுவது அது. அதே காகிதத்தை நீளமாக மடித்துக் கத்தரித்துத் தோரணமும் செய்தார்கள். வாழைநார் கிடைக்காத இடத்திலே பருத்தி நூலால் பூத்தொடுத்தார்கள். அரிசிமாவு அரிதான நாளிலே கற்பொடியை வாங்கினார்கள். மாதுங்காச் சந்தையிலும் கொல்கத்தாவின் லேக் மார்க்கெட்டிலும் வாழையிலையும் தொடுத்த பூவும் இன்று கிடைக்கின்றன. எல்லா ஊர்களுக்கும் அந்த வாய்ப்பு இல்லை.

கொல்கத்தாவில் வாழும் நம்மவர்க்கு இன்னொரு வியப்பும் காத்திருக்கிறது. வங்காளத் திருமணத்திலே மாப்பிள்ளை அணியும் வெண்மையான முடியைத் தோபோர் என்பர். துர்க்கையின் வெண்ணணிகளும் அதே பொருளால் ஆனவை. அதனை அவர்கள் சோலா என்கிறார்கள். நீர்நிலையிலே வளரும் ஒரு செடியின் தண்டு அது; தோலைச் சீவினால் உள்ளே தந்தம் போன்ற வெண்மை. அச்செடி நமக்குப் புதிதன்று. தஞ்சைப் பகுதியிலே அதனை நெட்டி என்போம். மாட்டுப் பொங்கலன்று மாட்டின் கழுத்திலே வண்ண வண்ணமாகப் போடுகிறோமே, அந்த நெட்டி மாலை இதனால் ஆனதே. தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு 2020 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. காவிரிக்கரையிலே மாட்டுக்கு மாலை. கங்கைக்கரையிலே மணமகனுக்கு முடி. குளத்திலே விலையின்றி முளைத்த செடி இரண்டு நாட்டு விழாக்களுக்கும் அணியாயிற்று.

இத்தகைய எளிய அலங்காரங்களை அறிஞர் உலகம் மதிக்கத் தொடங்கியது 20 ஆம் நூற்றாண்டிலேதான். அவனீந்திரநாத தாகூர் 1919 ஆம் ஆண்டில் வங்கப் பெண்களின் நோன்புகளைப் பற்றி எழுதிய நூலிலே அல்பனாவின் அழகை எடுத்துக்காட்டினார். சாந்திநிகேதனத்திலே நந்தலால் போசு மாணவர்களுக்கு அல்பனாவைப் பயிற்றுவிக்கச் செய்தார். வீட்டுப் பெண்களின் விரல்வேலை கலைக்கூடத்திற்குள் நுழைந்தது.

தேசிய இயக்கமும் இதற்கு ஒரு பெருமை சேர்த்தது. 1936 ஆம் ஆண்டு டிசம்பரிலே பைசுப்பூர் என்னும் சிற்றூரில் காங்கிரசு மாநாடு கூடியது. கிராமத்திலே கிடைக்கும் பொருள்களைக் கொண்டே மாநாட்டுத் திடலை அமைக்க வேண்டும் என்பது காந்தியடிகளின் விருப்பம். நந்தலால் போசு மூங்கிலும் ஓலையும் கொண்டு அதனை நிறைவேற்றினார். 1938 ஆம் ஆண்டு குசராத்தின் அரிபுராவில் கூடிய மாநாட்டுக்கு, கையால் செய்த காகிதத்திலே மண்வண்ணங்களைக் கொண்டு உழவரையும் தையற்காரரையும் மேளம் வாசிப்போரையும் வரைந்து வாயில்தோறும் அமைத்தார். எளிய பொருளாலான அழகு ஏழைமையின் அடையாளமன்று என்பதை ஒரு நாடே கண்டது.

வீட்டு அலங்காரம் ஒரு குடும்பத்தின் பசியையும் தீர்க்கக்கூடும் என்பதற்கு மிதிலை சான்று. பீகாரின் வடபகுதியிலே மணமக்களின் அறைச் சுவரில் பெண்கள் தாமரையும் மூங்கிலும் மீனும் கிளியும் வரைவது வழக்கம். அவ்வறையைக் கோபர் அறை என்பர். 1934 ஆம் ஆண்டு சனவரியில் பெருநிலநடுக்கம் வந்து சுவர்கள் பிளந்தபோது, அங்கு அதிகாரியாக இருந்த ஆர்ச்சர் என்னும் ஆங்கிலேயர் அவ்வோவியங்களைக் கண்டு திகைத்தார். அதன் பின்னர் 1966, 1967 ஆம் ஆண்டுகளில் கொடிய வறட்சி. அப்போது அகில இந்தியக் கைவினை வாரியத்தினர் பெண்களுக்குக் காகிதத்தைக் கொடுத்து, சுவரிலே வரைவதைக் காகிதத்திலே வரையச் செய்து விற்பனைக்கு வழிசெய்தனர். சகதம்பா தேவிக்கு 1975 ஆம் ஆண்டிலும் சீதா தேவிக்கு 1981 ஆம் ஆண்டிலும் பத்மசிறீ விருது கிடைத்தது. மணவீட்டுச் சுவரிலே பெயரின்றி வரைந்த பெண்கள் பெயர் பெற்ற வரலாறு இது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். வரலாற்றைப் பேசிய பின் செய்முறை சிறிது சொல்லாவிடின் பயனில்லை. செலவு மிகாத மூன்றைச் சொல்லுகிறோம்.

முதலாவது பாலிகை. ஐந்து சிறு மண்கிண்ணங்கள் போதும். தேநீர் குடிக்கும் குல்லடும் ஆகும். பயறு, உளுந்து, நெல், எள், கடுகு ஆகியவற்றை ஓரிரவு ஊறவையுங்கள். கிண்ணத்திலே முக்காற் பங்கு மண்ணிட்டு விதைத்து, மெல்லிய மண்ணால் மூடி, நாளும் இருவேளை நீர் தெளியுங்கள். பயறு இரண்டாம் நாளே தலைகாட்டும். ஐந்தாம் நாள் விரலளவு நிற்கும். வடநாட்டுக் குளிர்காலமாயின் இன்னும் சில நாட்களை முன்கூட்டியே கணக்கிட்டுக்கொள்க.

இரண்டாவது காகிதத் தோரணம். ஒரு சாண் அகலமுள்ள வண்ணக் காகிதத்தை நீளவாக்கிலே இரண்டாக மடித்து, ஒரு பக்கத்திலிருந்து ஒரு வெட்டு, எதிர்ப் பக்கத்திலிருந்து மறு வெட்டு என, முழுதும் அறுந்துவிடாமல் மாறி மாறி விரல் அகலத்துக்கு ஒன்றாகக் கத்தரியுங்கள். விரித்து மெல்ல இழுத்தால் வலைபோல நீளும். மைதாவைக் காய்ச்சிய பசையால் கயிற்றிலே ஒட்டி, இடையிடையே மாவிலையைச் செருகுங்கள். மாமரம் வடநாட்டிலும் உண்டு; ஆகையால் மாவிலைக்குக் குறைவில்லை.

மூன்றாவது காகிதக் கூழ்க் கிண்ணம். முறத்துக்கும் கூடைக்கும் காகிதமும் வெந்தயமும் அரைத்து மெழுகிய பாட்டிமார்களின் உத்தி இது. பழைய செய்தித்தாளைக் கிழித்து இரண்டு மூன்று நாள் நீரிலே ஊறவைத்து, ஒரு கைப்பிடி ஊறிய வெந்தயத்தோடு சேர்த்து அரையுங்கள். கவிழ்த்த கிண்ணத்தின்மேல் எண்ணெய் தடவி, அரைத்த விழுதை விரற்கனத்திலே அப்பி, வெயிலில் காயவைத்துக் கழற்றுங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்தால் சிவப்பு. காவிக்கல்லைக் கரைத்தால் செம்மண் நிறம். வளைகாப்பிலே வளையல் வைக்கவும், கொலுவுக்கு வந்தோர்க்குச் சுண்டல் கொடுக்கவும் அது உதவும். சுண்டலை இலையிலே வைத்துத் தருக.

இவற்றையெல்லாம் கடையிலே வாங்கிவிடலாமே என்று கேட்போர் உண்டு. உண்மைதான். இன்று ஒட்டுக் கோலம் கிடைக்கிறது. வாடாத நெகிழித் தோரணம் கிடைக்கிறது. சொல்லியனுப்பினால் ஆட்கள் வந்து ஒரு மணி நேரத்திலே மேடையையே அமைத்துவிட்டுப் போகிறார்கள். பகலெல்லாம் அலுவலகத்திலே உழைத்துத் திரும்பும் பெண்ணிடம் இரவெல்லாம் விழித்துத் தோரணம் கட்டு என்று நாம் சொல்ல வரவில்லை. முன்னாளில் இவ்வேலையைப் பலர் பகிர்ந்துகொண்டார்கள் என்பதை மறந்துவிட்டு, ஒருத்தியின் தலையிலே சுமத்தினால் அது மரபாகாது, சுமையாகும். ஓலை தைத்தவர்கள் ஆண்கள் அல்லரோ? ஆகவே கணவரும் மகனும் தரையிலே அமரட்டும்.

நெகிழியைப் பற்றிச் சட்டமே பேசத் தொடங்கிவிட்டது. 2022 ஆம் ஆண்டு சூலை 1 முதல் மைய அரசு தடைசெய்த ஒருமுறைப் பயன்பாட்டு நெகிழிப் பொருள்களின் பட்டியலிலே, அலங்காரத்துக்கான தெர்மோகோலும், நெகிழிக் கொடிகளும், பலூனுக்கான நெகிழிக் குச்சிகளும் இடம்பெற்றுள்ளன. குருத்தோலைக்கு அத்தகைய தடை வரவேண்டிய தேவையே எழவில்லை. விழா முடிந்தால் அது மாட்டுக்கோ மண்ணுக்கோ போய்ச் சேர்ந்தது. அரிசிமாக் கோலத்தை எறும்பு தின்றது.

ஆயினும் நாம் அஞ்சுவது குப்பையை மட்டுமன்று. வெளிமாநிலத்திலே வளரும் நம் குழந்தைகளின் தமிழை எண்ணிப் பார்க்கிறோம். பள்ளியிலே இந்தியும் ஆங்கிலமும். தெருவிலே மராத்தியோ வங்காளியோ. தமிழ் என்பது பெற்றோர் பேசும் சில நூறு சொற்களாகச் சுருங்கிவிடுகிறது. குருத்து, ஈர்க்கு, மட்டை, நார், சரம், கண்ணி, புள்ளி, இழை, சிக்கு, காவி, முளை, விழுது என்னும் சொற்களை ஒரு குழந்தை எங்கே கற்கும்? பாடநூலிலே படித்தால் மறந்துபோகும். ஈர்க்கை ஒடித்துக் கையிலே கொடுத்து, இதனால் ஓலையைக் குத்து என்று தாத்தா சொல்லும்போது அச்சொல் விரலிலே ஏறுகிறது. இழையைச் சேர்த்துப் போடு, புள்ளி விலகுகிறது என்று பாட்டி சொல்லும்போது அது கண்ணிலே பதிகிறது. கைவேலை ஒரு வீட்டை விட்டுப் போகும்போது தனியே போவதில்லை. தன்னுடன் ஒரு கைப்பிடிச் சொற்களையும் எடுத்துக்கொண்டு போகிறது.

பந்தலும் மணலும் விளக்கும் மாலையுமாகத் தொடங்கிய வரலாறு இது. மணல் போய் மாவு வந்தது. மெக்சிகோப் பூ வந்தது. ஓலை போய்க் காகிதம் வந்தது. இவ்வளவு மாறியும் அறுந்துபோகாமல் வந்த கயிறு ஒன்று உண்டு. வீட்டார் ஓரிடத்தில் அமர்ந்து, பெரியவர் சொல்லச் சிறியவர் செய்தார்கள் என்பதே அது. நாம் மாற்றக்கூடாதது அது ஒன்றுதான்.

ஆதலால் அடுத்து உங்கள் வீட்டில் வரும் விழா எதுவாயினும், பிறந்தநாளாயினும் பொங்கலாயினும், எல்லாவற்றையும் செய்ய முயல வேண்டா. ஒன்றே ஒன்றைக் கையால் செய்யுங்கள். முன்தினம் மாலை வானொலியையும் கைப்பேசியையும் சற்று நிறுத்திவிட்டு, தரையிலே பாயை விரியுங்கள். காகிதத்தை நீங்கள் மடியுங்கள். கத்தரியைப் பாட்டி பிடிக்கட்டும். கயிற்றின் ஒரு முனையைக் குழந்தையின் கையிலே கொடுங்கள். தோரணம் கோணலாக வரலாம். அடுத்த ஆண்டு நேராகிவிடும்.